கூட்டிக்கிட்டுப் போறவங்க திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கணும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா முழுசாப் படிங்க. விடுமுறைப் பயணத்துக்குப் பிள்ளையை அனுப்பலாமா வேண்டாமான்னு யோசிக்கிற பெற்றோர்கள் கட்டாயம் படிக்கணும்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை பூஜை முடிஞ்சு, எல்லாரும் மண்டபத்துல பசியாறின பிறகு, பெற்றோர் கூட்டம் நடந்தது. வரும் பள்ளி விடுமுறையில படிவம் 3 முதல் படிவம் 5 வரை படிக்கிற நம்ம கோயில் பிள்ளைங்க 16 பேரை ஆறு நாளைக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குக் கூட்டிப் போறோம். சயாம் மரண ரயில் பாதையில இறந்துபோன நம்ம மக்களுக்காக 2023-இல் மலேசியத் தமிழர்களின் முயற்சியால் அங்கே ஒரு நடுகல் நடப்பட்டது. அந்த இடத்தைச் சுத்தம் செய்து, விளக்கேற்றி, தேவாரம் பாடி, ஒரு வேளை அன்னதானம் செய்வது நம்ம பிள்ளைங்களோட தொண்டு. அனுமதிப் படிவத்தைக் கொடுத்துக்கிட்டு இருந்தப்ப, கிள்ளானில் இருந்து வந்திருந்த ஒரு அக்கா படிவத்தைக் கையில் வச்சுக்கிட்டே என்னைக் கேட்டாங்க.

"தம்பி, எங்க தாத்தாவ காப்பார் பக்கம் ஒரு தோட்டத்துல இருந்து சயாமுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மூணு மாசத்துல வந்துடுவாருன்னு பாட்டிகிட்ட சொன்னாங்களாம். எங்க அப்பா அப்போ கைக்குழந்தை. கடைசி வரைக்கும் அவரு தன் அப்பா முகத்தைப் பார்க்கவே இல்ல. இப்ப நீங்க என் மகனை அதே ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்னு தாளைக் கொடுக்குறீங்க. நான் எதை நம்பி கையெழுத்துப் போடுறது?"

மண்டபத்துல ஒரு சத்தம் இல்லை. எனக்கும் உடனே பதில் வரல. "அக்கா, ஒரு வாரம் கொடுங்க"ன்னு மட்டும் சொன்னேன். அந்தப் பதில்தான் இந்தப் பதிவு.

பெயர் எழுதாமல் கொண்டுபோன கூட்டம்

1941 டிசம்பர் 8-ஆம் தேதி சப்பான்காரன் மலாயாவில் இறங்கினான். 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் விழுந்தது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும் விழுந்தது. வெள்ளைக்கார துரைமார் ஓடிப்போனார்கள், இல்லை சிறைக்குப் போனார்கள். கித்தா வாங்க ஆள் இல்லை. மரம் வெட்டினால்தான் சோறு என்று இருந்த தோட்டத்து மக்களுக்கு வேலையும் போச்சு, அரிசியும் போச்சு. மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த காலம் அது.

அந்தப் பசியை சப்பான்காரன் பயன்படுத்திக்கொண்டான். சயாமில் இருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட அவனுக்கு ஆள் தேவைப்பட்டது. 1942-இல் வேலை தொடங்கியது. போர்க்கைதிகள் மட்டும் போதவில்லை. 1943-இல் மலாயாத் தோட்டங்களில் இருந்து ஆயிரக்கணக்கில் ஆள் திரட்டினான். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு, மருந்து என்று சொன்னான். நம்பிப் போனவர்கள் உண்டு. போகாவிட்டால் அடி விழும் என்று பயந்து போனவர்களும் உண்டு. இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூட்டம் சேர்த்து, கதவை அடைத்து லாரியில் ஏற்றிய கதையை நம்மில் பலர் வீட்டுப் பெரியவர்கள் வாயால் கேட்டிருப்போம்.

சரக்கு ரயில் பெட்டியில் அடைத்து பான்போங் வரை கொண்டுபோனார்கள். அங்கிருந்து காட்டுக்குள் நடை. மழை, மலேரியா, வயிற்றுப்போக்கு, காலில் ஆறாத புண், கடைசியில் காலரா. 1943 அக்டோபர் 17-இல் இரண்டு பக்கப் பாதையும் இணைந்தது. அதற்குள் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள்?

இந்தக் கேள்விக்கு வரும் பதிலை நல்லா கவனிங்க. காஞ்சனபுரி நகரத்தில் இருக்கும் போர்க்கைதிகள் கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய ஏழாயிரம் கல்லறைகள். பெரும்பாலானவற்றில் பெயர், வயது, படைப்பிரிவு, இறந்த தேதி எல்லாம் இருக்கும். போர்க்கைதிகளுக்குப் பட்டியல் இருந்தது. முகாமிலேயே உயிரைப் பணயம் வைத்து ஒளித்து ஒளித்து எழுதி வைத்தவர்கள் இருந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டால், பல பத்தாயிரம் என்பார்கள், ஒரு லட்சம் வரை என்பார்கள். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர் எல்லாரும் அதில் அடக்கம். ஒரு கணக்குக்கும் இன்னொரு கணக்குக்கும் நடுவில் இருக்கும் அந்த வித்தியாசம் முழுக்க மனுசங்க. யார் வீட்டில் இருந்து யாரைக் கூட்டிப் போனோம் என்று எழுதி வைக்க வேண்டும் என்று கூட்டிப்போனவனுக்குத் தோன்றவே இல்லை.

அந்த அக்காவின் பாட்டி கடைசி வரை பொட்டை அழிக்கலையாம். இறந்துட்டாருன்னு சொல்ல யாரும் வரலையே, எப்படி அழிக்கிறது?

கையெழுத்து வாங்கிப் போன கூட்டம்

இதே 1943-இல், இதே தோட்டங்களில் இருந்து, இன்னொரு கூட்டமும் அந்தப் பக்கம் புறப்பட்டது. அதில் பலர் நம்ம பிள்ளைங்க வயசுப் பெண்கள்.

அதற்கு முன் கிள்ளானைப் பற்றி ஒரு சின்ன விசயம். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதன் போன்றவர்கள் முன்னின்றார்கள். சம்பள உயர்வு கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள், துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். அரசு படையைக் கொண்டு அடக்கியது, நாதனை நாடு கடத்தியது. ஆனால் தலை நிமிர்ந்து நிற்கலாம் என்ற நினைப்பு லயத்துக்குள்ளே வந்துவிட்டது. அந்த லயங்களில் வளர்ந்த பெண்பிள்ளைகள்தான் இரண்டு வருடம் கழித்து வந்த அழைப்பைக் கேட்டார்கள்.

1943 ஜூலை 2-இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். சில நாட்களிலேயே பெண்களுக்கென்று ஒரு படைப்பிரிவு வேண்டும் என்று அறிவித்தார். மதராசில் இருந்து வந்து சிங்கப்பூரில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் அதற்குத் தலைமை ஏற்றார். ஜான்சி ராணி படை என்று பெயர். பெண்களுக்குத் துப்பாக்கியா என்று சப்பான்காரன் முகம் சுளித்தான். நேதாஜி விடவில்லை. 1943 அக்டோபர் 22-இல் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் திறந்தது.

கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி தேவருக்கு அப்போது வயது 18. வசதியான வீட்டுப் பெண். நேதாஜியின் பேச்சைக் கேட்டு, காதில் இருந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். படையில் சேர்வேன் என்றதும் வீட்டில் பெரிய எதிர்ப்பு, அதிலும் அப்பாவிடம். பேசிப் பேசித்தான் சம்மதம் வாங்கினார். ஈப்போவைச் சேர்ந்த ராசம்மா, பின்னாளில் ராசம்மா பூபாலன் என்று நாடறிந்தவர், சேர்ந்தபோது அவருக்கு வயது 16. அக்கா பொன்னம்மாவும் கூடவே சேர்ந்தார். இவர்கள் படித்த வீட்டுப் பெண்கள். ஆனால் படையில் பெரும்பாலோர் கித்தாத் தோட்டத்துப் பெண்கள், தமிழ்ப் பிள்ளைகள். அவர்களில் பலருக்கு அதற்கு முன் பள்ளிக்கூட வாசல்கூடத் தெரியாது.

சேர வேண்டும் என்றால் விண்ணப்பத்தில் அப்பா அல்லது கணவரின் கையெழுத்து வேண்டும். அந்த அக்கா கையில் இருந்த தாளும் நமக்குப் புதுசு இல்லை. 80 வருடத்துக்கு முன்பே நம்ம தாத்தாமார் கை நடுங்க வைத்துக்கொண்டு நின்ற தாள்தான் அது.

பயிற்சி எப்படி என்று நம்ம பிள்ளைங்க தெரிஞ்சுக்கணும். விடியுமுன் எழுந்து தேகப்பயிற்சி. புடவை, பாவாடையை விட்டு காக்கிச் சட்டை, காற்சட்டை. பலர் கூந்தலை வெட்டிக்கொண்டார்கள். அணிவகுப்பு, துப்பாக்கி, முதுகில் மூட்டையோடு நெடுந்தூர நடை, வரைபடம் படிப்பது, காயத்துக்குக் கட்டுப் போடுவது. கட்டளை எல்லாம் இந்துஸ்தானியில் வந்ததால் அதையும் கற்றுக்கொண்டார்கள். ஜானகிக்கே முதலில் முகாம் வாழ்க்கை ஒத்துவரவில்லை. போகப் போகப் பழகி, பிற்பாடு படையின் இரண்டாம் நிலைத் தலைவி ஆனார். சிங்கப்பூர் முகாமின் முதல் பயிற்சி நிறைவு அணிவகுப்பு 1944 மார்ச் 30-இல் நடந்தது. ஐந்து மாதத்துக்கு மேல் பயிற்சி!

கோயில் சம்பந்தப்பட்ட ஒரு விசயமும் சொல்லணும். அந்த 1943 அக்டோபரில் சிங்கப்பூர் செட்டியார் கோயிலில் இருந்து தசரா விழாவுக்கு நேதாஜியை அழைத்தார்கள். எல்லாச் சாதியாரும் எல்லா மதத்தாரும் உள்ளே வரலாம் என்றால்தான் வருவேன் என்றார் அவர். கோயில் ஒத்துக்கொண்டது. மற்ற மதத்தைச் சேர்ந்த தன் அதிகாரிகளையும் கூட்டிக்கொண்டு போனார். ஒன்றாகச் சாப்பிட முடியாத கூட்டம் ஒன்றாகப் பயணம் போக முடியாது என்பதை அவர் புரிந்து வைத்திருந்தார்.

ஒரே தண்டவாளம்

1944-இல் அந்தப் பெண்கள் பர்மாவுக்குப் புறப்பட்டார்கள். எந்த வழியாக? தரை வழியில் சயாமில் இருந்து பர்மாவுக்குப் போக ஒரே ரயில் பாதைதான் இருந்தது. சில மாதத்துக்கு முன் நம்ம ஆட்கள் செத்துச் செத்துப் போட்ட அதே பாதை. சரக்குப் பெட்டியில் உட்கார்ந்து அதே தண்டவாளத்தின் மேல் போனார்கள். எந்தத் தூணுக்குப் பக்கத்தில் தன் மாமா கிடக்கிறார், எந்த வளைவில் பக்கத்து லயத்து அண்ணன் கிடக்கிறார் என்று அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லணும். நம்மை மரண ரயிலுக்குக் கொண்டுபோன அதே ஜப்பானோடு கூட்டுச் சேர்ந்துதான் நேதாஜியின் படை போரிட்டது. மரண ரயிலுக்குத் தப்பிக்கவே இந்தியத் தேசிய இராணுவத்தில் சேர்ந்த தோட்டத்து இளைஞர்களும் உண்டு. 16 வயதுப் பிள்ளையைப் போர் நடக்கும் நாட்டுக்குக் கூட்டிப் போவதை இன்றைக்கு யாரும் ஏற்க மாட்டோம், ஏற்கவும் கூடாது. பயிற்சி வகுப்பில் ஒரு பிள்ளை, "அப்படின்னா நேதாஜி செஞ்சது சரியா, தப்பா அண்ணே?"ன்னு கேட்டது. நான் ஒரு வார்த்தையில் பதில் சொல்லல. அந்தக் கேள்வியை அங்கே போற வரைக்கும் கூடவே எடுத்துக்கிட்டு வான்னு சொன்னேன்.

பர்மாவில் அந்தப் பெண்கள் போர்முனைக்கு அனுப்பப்படவில்லை. மேமியோவிலும் ரங்கூனிலும் மருத்துவமனைத் தொண்டுதான் அவர்களுக்கு வாய்த்தது. இம்பால் போரில் தோற்று, மலேரியாவோடும் வயிற்றுப்போக்கோடும் எலும்பும் தோலுமாகத் திரும்பிய வீரர்களின் புண்ணைக் கழுவினார்கள். சுடப் பழகிய கை கட்டுப் போட்டது. அதில் சிலருக்கு மனக்குறை இருந்தது. ஆனால் செய்தார்கள்.

திரும்பி வந்த கதை

1945 ஏப்ரல். பிரிட்டிஷ் படை ரங்கூனை நெருங்கிவிட்டது. அந்த நேரத்தில் நேதாஜி செய்த ஒரு காரியம்தான், நான் அந்த அக்காவுக்குச் சொல்ல வந்த பதில்.

பர்மாவிலேயே சேர்ந்த பெண்கள் அவரவர் குடும்பத்திடம் போய்ச் சேர ஏற்பாடானது. மலாயாவில் இருந்து வந்த பிள்ளைகள் பத்திரமாகக் கிளம்பும் வரை நான் ரங்கூனை விட்டு நகர மாட்டேன் என்று அவர் பிடிவாதமாக நின்றார். ஏப்ரல் 24-ஆம் தேதி இரவு, கடைசியாக இருந்த ராணிப் படைப் பெண்களையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். பகலில் விமானத் தாக்குதல் என்பதால் மரத்தடியில் பதுங்கி, இரவில் நடை. வழியில் லாரிகள் சேற்றில் சிக்கின. ஆற்றைக் கடக்க வேண்டியிருந்தது. தலைவர் நீங்க காரில் போங்க என்றபோது, பிள்ளைங்க நடக்கும்போது நான் காரில் போக மாட்டேன் என்று கூடவே நடந்தார். பூட்ஸைக் கழற்றியபோது காலெல்லாம் கொப்புளம். உடன் போன எஸ். ஏ. ஐயர் இந்தப் பின்வாங்கலைப் பிறகு நூலாகவே எழுதியிருக்கிறார். அந்தப் பெண்களுக்குப் பொறுப்பாக நடந்தவர், 20 வயது ஜானகி.

சித்தாங் ஆற்றைத் தாண்டி மௌல்மீன். அங்கிருந்து பாங்காக். ஏறக்குறைய மூன்று வாரம். பிறகு அங்கிருந்து மலாயாவுக்கு அனுப்பி வைக்கப்பட்டார்கள்.

எல்லாரும் திரும்பவில்லை. இவர்களுக்கு முன்பே கிளம்பிய ஒரு குழுவின் ரயில் வழியில் தாக்கப்பட்டது. ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இரண்டு பெண்கள் உயிரிழந்தார்கள். அவர்கள் பெயர் இன்றைக்கு நமக்குத் தெரிகிறது. காரணம், பட்டியலில் பெயர் இருந்தது, பக்கத்தில் நின்ற தோழிகள் மறக்கவில்லை. சயாம் காட்டில் கிடக்கும் ஆயிரக்கணக்கானவர்களில் எத்தனை பேர் பெயர் நமக்குத் தெரியும்?

திரும்பி வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ஜானகி 1946-இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தொடங்கியவர்களில் ஒருவர். பின்னால் ஜானகி ஆதி நாகப்பன் என்ற பெயரில் நாடாளுமன்ற மேலவை உறுப்பினராக இருந்தார். 2000-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. 2014-இல் மறைந்தார். ராசம்மா ஆசிரியர் ஆனார். பெண் ஆசிரியர்களுக்கும் ஆணுக்குச் சமமான சம்பளம் வேண்டும் என்று சங்கம் வைத்துப் போராடினார். செந்தூலைச் சேர்ந்த அஞ்சலை பொன்னுசாமி அம்மா 2022-இல் தன் 102-ஆவது வயதில் மறைந்தார். நம்ம பிரிக்பீல்ட்ஸில் இருந்து செந்தூல் எவ்வளவு தூரம்? நேற்று வரை நம்ம பக்கத்து ஊரில் இருந்த வரலாறு இது.

நம்ம பிள்ளைங்களுக்கு என்ன செய்யப் போறோம்

ஒரே தண்டவாளம், இரண்டு கூட்டம். ஒன்றைக் கூட்டிப் போனவன் பெயர்கூட எழுதவில்லை. இன்னொன்றைக் கூட்டிப் போனவர் கையெழுத்து வாங்கினார், ஐந்து மாதம் பயிற்சி கொடுத்தார், தோற்று ஓடும் நேரத்திலும் பிள்ளைகளை முன்னே விட்டுத் தான் நடந்தார். நம்ம பயணம் ஆறு நாள்தான். போர் இல்லை, காலரா இல்லை. ஆனாலும் கூட்டிப் போகிறவனின் கடமை மாறாது. அதனால தொண்டர்கள் கூடிப் பேசி இப்படி முடிவு செஞ்சிருக்கோம்.

முதலில், பட்டியல். 21 பேர் பெயர், வீட்டுத் தொடர்பு, ஒவ்வாமை, சாப்பிடுற மருந்து எல்லாம் எழுதின தாள் ஒன்று கோயில் அலுவலகத்திலும், ஒன்று பயணத் தலைவர் கையிலும் இருக்கும். பஸ்ஸோ ரயிலோ ஏறும்போதும் இறங்கும்போதும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணுவோம். தலையை மட்டும் எண்ண மாட்டோம்.

இரண்டாவது, கையெழுத்து. என்ன வேலை, எங்கே தங்கல், யார் கூடப் போறாங்க, உடம்பு சரியில்லைன்னா என்ன ஏற்பாடு, எல்லாம் படிவத்தோடு தமிழில் எழுதித் தரோம். பெற்றோர் கையெழுத்துக்குக் கீழே பிள்ளையும் போடணும். அதுக்கும் கீழே, "உங்கள் பிள்ளையை வீட்டு வாசலில் கொண்டுவந்து சேர்ப்பேன்" என்று நாங்க அஞ்சு தொண்டர்களும் கையெழுத்துப் போடுறோம். இதுவரைக்கும் எந்தப் பயணத்திலும் நாம அப்படிச் செஞ்சதில்ல. அந்த அக்கா கேட்ட பிறகுதான் புத்தி வந்தது.

மூன்றாவது, பயிற்சி. அஞ்சு ஞாயிறு. வெயில்ல மூட்டையோடு நடக்கணும், தட்டைத் தானே கழுவணும், 50 பேருக்குச் சாம்பார் வைக்கப் பழகணும், முதலுதவி, தாய் மொழியில வணக்கமும் நன்றியும், விகாரைக்குள்ள எப்படி உட்காரணும் என்பதெல்லாம் உண்டு. கைப்பேசியை எப்ப எடுக்கக் கூடாதுன்னும் சொல்லித் தருவோம். நடுகல் முன்னாடி நின்னு சிரிச்சுக்கிட்டுப் படம் எடுக்க வேண்டாம். அது கல்லறை இல்லாதவங்களுக்குக் கல்லறை.

நான்காவது, ஒரே சமையல், ஒரே பந்தி. யார் வீட்டுப் பிள்ளை, யார் என்ன சாதி என்ற பேச்சு நம்ம குழுவில் இருக்காது. தாத்தா சயாமில் இறந்துட்டாருன்னு வர விரும்புற கிறிஸ்தவப் பிள்ளை ஒண்ணு பெயர் கொடுத்திருக்கு. தாராளமா வரட்டும். அந்தக் காட்டுல யாரும் தனித்தனியாச் சாகல.

இப்ப உங்ககிட்ட ஒரு வேண்டுகோள்.

உங்க குடும்பத்துல யாராவது சயாமுக்குப் போய்த் திரும்பாம இருந்தா, அவங்க பெயரைச் சொல்லுங்க. தெரிஞ்சா அப்பா பெயர், எந்தத் தோட்டம், எந்த வருஷம். தெரியலைன்னா "இன்னாருடைய அண்ணன்" என்று சொன்னாலும் போதும். கோயில் அலுவலகத்துல ஒரு நோட்டு வச்சிருக்கோம். பாட்டி, தாத்தா உயிரோட இருந்தா இன்னைக்கே கேளுங்க. நாளைக்குன்னு தள்ளாதீங்க. நம்ம பிள்ளைங்க அந்த நோட்டைக் கையில கொண்டுபோய், நடுகல் முன்னாடி விளக்கேத்தி, ஒவ்வொரு பெயரையும் சத்தமாப் படிப்பாங்க. சப்பான்காரன் எழுதாத பட்டியலை, 80 வருஷம் கழிச்சு நம்ம பிள்ளைங்க எழுதட்டும்.

நோட்டுல முதல் வரி எழுதியாச்சு. அந்த அக்காவோட தாத்தா பெயர். நேற்று சாயரட்சை பூஜைக்கு வந்தப்ப அவங்களே எழுதினாங்க. மகனோட படிவத்துல இன்னும் கையெழுத்துப் போடல. நாங்களும் அவசரப்படுத்தல. யோசிக்கட்டும், இன்னும் கேள்வி இருந்தாக் கேட்கட்டும். கேள்வி கேட்க ஆள் இல்லாததாலதான் 1943-இல் அவ்வளவு பேர் போயிட்டாங்க.

படிவம் கொடுக்காத மற்றப் பெற்றோர்களும் அடுத்த ஞாயிறு பூஜைக்குப் பிறகு மண்டபத்துல இருங்க. பிள்ளைங்களையும் கூட்டிட்டு வாங்க.

எல்லாம் அவன் செயல். திருச்சிற்றம்பலம்.